சொரிமுத்து ஐயனார் கோவில் ஆடி அமாவாசை: பதினாலு தலைக்கட்டும் ஒரு நோட்டும்

திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்துக்கு மேலே மலையில் இருக்கும் சொரிமுத்து ஐயனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். வேட்டியில் ஒட்டிய காரையாற்று மண் இன்னும் போகவில்லை. அது போவதற்குள் எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த ஆடிக்கும் இதே தப்பை இதே வரிசையில் எல்லாரும் செய்வோம்.

முதலில் தேதி. 2025-ல் ஆடி அமாவாசை ஜூலை 24, வியாழக்கிழமை. அடுத்தது 2026 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. "ஆடி மாசம்தானே, போன வருஷம் போன தேதியிலேயே டிக்கெட் போடு" என்று சொல்லும் சித்தப்பாவை நம்பாதீர்கள். 2023-ல் ஆடி முதல் தேதி ஒரு அமாவாசை, கடைசித் தேதியை ஒட்டி இன்னொன்று. ஜூலை 17-க்கு லீவு போட்டவர்கள் ஆகஸ்ட் 16-க்கு மறுபடி மேலாளர் முன்னால் நின்றார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து, கோவிலிலும் ஒரு வார்த்தை கேட்ட பிறகு ரயிலில் இடம் போடுங்கள்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடப்பது. ரயில் ஆப்பில் 'பாபநாசம்' என்று தட்டினால் வருவது கும்பகோணம் பக்கத்துப் பாபநாசம். நமக்கு வேண்டியது பொதிகை மலையடிவாரத்துப் பாபநாசம். அதற்குப் பக்கத்து ஸ்டேஷன் அம்பாசமுத்திரம், சுருக்கமாக அம்பை. சென்னையிலிருந்து திருநெல்வேலி வந்து, செங்கோட்டை பாசஞ்சர் பிடித்து அம்பையில் இறங்குவதுதான் பெரியவர்களுக்குச் சுலபம்.

இறங்கியதும் வேன்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். இந்த முறை பன்னிரண்டு பேருக்கு 2,000 ரூபாய் என்று ஒருவர் கூசாமல் கேட்டார். போகும் தூரம் பத்து கிலோமீட்டர் சொச்சம். "திருவிழா ரேட்டு அண்ணாச்சி, மேல வண்டி விடமாட்டான்" என்றார். மேலே வண்டி விடமாட்டான் என்றால் உன் வண்டி மட்டும் எப்படிப் போகும் என்று கேட்டால் பதில் இல்லை. வெளியே வந்தால் பாபநாசம் டவுன் பஸ் வந்துகொண்டே இருக்கிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. ஆண்களுக்குச் சில்லறைக் காசு. 2,000 ரூபாயில் நாற்பது பேருக்குப் பொங்கல் வைத்துவிடலாம், கணக்கு கீழே வருகிறது.

கோவில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988-ல் அறிவிக்கப்பட்ட காப்பகம் அது. ஐயனார் அதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே குடியிருக்கிறார். அதனால் பக்தருக்கும் வனத்துறைக்கும் வருஷா வருஷம் ஒரு சின்ன உரசல். சில ஆண்டுகளாகத் திருவிழா நாள்களில் தனியார் வண்டிகளைக் கீழே அகஸ்தியர்பட்டிப் பக்கம் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து அரசுப் பேருந்தில்தான் ஏற்றிவிடுகிறார்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, குடில் போட எத்தனை நாள் அனுமதி என்பதை மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கும். முன்னெல்லாம் பத்து நாள், பதினைந்து நாள் என்று ஆற்றுமணலில் குடில் கட்டிக் கிடந்த குடும்பங்கள் உண்டு. இப்போது அது நடக்காது. காட்டைப் பார்த்தால் நடக்காமல் இருப்பதே நல்லது.

இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொள்வது சாமான்தான். கிடா, சருவம், கரண்டி, பலசரக்கு எல்லாம் வண்டித் தடை தொடங்கும் முன்பே மேலே போயிருக்க வேண்டும். கூட இரண்டு இளவட்டங்களையும் காவலுக்கு அனுப்புங்கள். குரங்கு ஒரு மூட்டை அரிசியையே அவிழ்த்துவிடும். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, பாட்டில், சோப்பு, ஷாம்பு பாக்கெட் எதுவும் தேறாது. கோபப்பட்டுப் பயனில்லை. ஓலைப்பெட்டியும் எவர்சில்வர் தூக்கும் கொண்டுபோனால் ஒரு நிமிஷத்தில் விட்டுவிடுவார்கள்.

பேருந்து பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கு மேல் வரிசையில் நின்றால் உட்கார இடம் கிடைக்காது. ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர், குழந்தையை உள்ளே இறக்குகிறவர், பொங்கப்பானையைத் தலைக்கு மேல் பிடித்தபடியே மலை முழுக்க நிற்கிறவர்! பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் எல்லாம் வளைவு. வாந்தி வருகிறவர்களுக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். ஆச்சிமாரை அதிகாலை முதல் வண்டிகளிலேயே ஏற்றிவிடுங்கள். மேலே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எங்கே, எத்தனை மணிக்குக் கூடுவது என்று கீழேயே பேசி முடித்துவிட வேண்டும்.

மேலே போகும் முன் பாபநாசம் படித்துறையில் ஒரு வேலை இருக்கிறது. அதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். பாபநாசநாதர் கோவிலுக்கு முன்னால் தாமிரபரணியில் முங்கி, முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது. கறுப்பு எள், தர்ப்பை, பச்சரிசி, வாழையிலை, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். படித்துறையில் வாங்கினால் எள்ளுக்கே தனி விலை. தட்சணை எவ்வளவு என்பதை உட்காருவதற்கு முன் பேசிவிடுங்கள். எழுந்த பிறகு பேசினால் பிதுர் காரியத்தில் பேரம் பேசுகிறான் என்ற பெயர்தான் மிஞ்சும். அப்பா இருக்கிறவர்கள் உட்காருவதில்லை, அவர்களைத் துணி காக்க வையுங்கள்.

எல்லாரும் விழுவது அடுத்த இடத்தில். அப்பா பெயர், தாத்தா பெயர் தடுமாறாமல் வரும். "அவாளுக்கு அப்பா?" என்று ஐயர் கேட்டதும் தலைகள் திரும்பும். படித்துறை முழுக்க அந்த நேரத்தில் கேட்பது மந்திரத்தைவிட போன் பேச்சுதான். "பெரியப்பா, தாத்தாவோட அப்பா பேரு சுடலைமுத்தா, சுடலைமாடனா?" தந்தை வழியில் மூன்று தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறை, ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பெயர் வேண்டும். ஆண் பெயரையாவது பழைய பத்திரத்தில் தேடி எடுக்கலாம். பெண்கள் பெயர்தான் அடியோடு காணாமல் போயிருக்கிறது. அவர்களை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்த ஊரைச் சொல்லி 'வீரவநல்லூர் ஆச்சி', 'கடையத்து ஆச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊர் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. ஐயர் பொதுவாக ஒரு வாக்கியம் சொல்லிக் கடந்துவிடுவார். அதோடு விட்டுவிடாமல், வயசானவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த நாளிலேயே ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். வரவு செலவு எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கம் போதும். தனி நோட்டு போட்டால் தொலைந்துவிடும், குடும்ப வரி எழுதும் நோட்டை எவரும் தொலைக்க மாட்டார்கள்.

கட்டிய துணியை ஆற்றில் விட்டால் தோஷம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டதை மட்டும் கேட்காதீர்கள். படிக்குக் கீழே கால் வைத்தால் சேலையும் வேட்டியும் பாசியோடு காலைச் சுற்றுகிறது. நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துப்போட அது போதும். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இது. தாத்தாவுக்கு எள்ளுத் தண்ணீர் விட்ட கையோடு பேரன் குடிக்கிற தண்ணீரில் அழுக்கு வேட்டியை விடுவது எந்த ஊர் சாஸ்திரம்?

மேலே வந்தால் மனசு மாறிவிடும், அதையும் சொல்ல வேண்டும். ஆடிச் சாரல், மூட்டம், ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் உறுமி. சொரிமுத்து ஐயனாரைச் சாஸ்தாக்களில் முதல்வர் என்பார்கள். குலசாமி எதுவென்று தெரியாதவர்கள் இங்கே வந்து கும்பிடுவதும் உண்டு. தென்மாவட்டத்தில் பல ஊர்களில் இருக்கும் சாமிகள் இங்கிருந்து பிடிமண் எடுத்துப் போய் நிலைநிறுத்தியவை என்று சொல்வார்கள். அதனால் ஒரே நாளில் பல சாதிக்காரர்களின் குலசாமி வீடாக இது இருக்கிறது. சங்கிலி பூதத்தார் முன்னால் சாமியாடிகள் இரும்புச் சங்கிலியைத் தோளில் மாறி மாறி வீசிக்கொள்வதைப் பார்க்க நிற்பவர்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். சங்கிலிக்கு ஆள் அடையாளம் தெரியாது. இலுப்பை மரத்தில் கட்டிய மணிகளைப் பட்டை வளர்ந்து மூடியிருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மணிவிழுங்கி மரம் என்று பெயர்.

வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் இங்கே சாமியாக நிற்கும் பட்டவராயனை, அதாவது முத்துப்பட்டனைச் சொல்லாமல் பொங்கலுக்குப் போக முடியாது. பிராமணராகப் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ள விரும்பினார். அதற்காகப் பூணூலை அறுத்து, தானே செருப்புத் தைத்தார். பிறகு மாடு திருட வந்தவர்களோடு மோதிச் செத்தார். இரண்டு பெண்களும் அவரோடு தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டில் இதைக் கேட்டுக் கண் கலங்காத கிழவிகள் இந்தப் பக்கம் கிடையாது. அவருக்கு நேர்ச்சை செருப்பு. தோல் செருப்பு வாங்கிக் கட்டிவிட்டால், அடுத்த வருஷம் பார்க்கும்போது யாரோ போட்டு நடந்ததுபோல அது தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. கோவில் பக்கத்துக் கடையில் விலை ஏற்றிச் சொல்வார்கள், அம்பையிலேயே வாங்கிவிடுங்கள். ரப்பர் செருப்பைக் கட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், சாமியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பக்தியோடு செருப்பைக் கட்டிவிட்டு, பஸ் வரிசையில் நின்றபடி பக்கத்து ஊரில் சாதி மாறிக் கட்டிய பெண்ணைத் திட்டுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. இவர்கள் எந்தப் பட்டனைக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்?

சரி, பொங்கல். நாற்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் பச்சரிசி 2 கிலோ, சிறுபருப்பு அரைக் கிலோ, வெல்லம் இரண்டரைக் கிலோ, பால் 2 லிட்டர், தண்ணீர் 8 லிட்டர். நெய், முந்திரி அவரவர் வசதி. வெல்லத்தைக் கீழேயே காய்ச்சி வடிகட்டித் தூக்கில் கொண்டுவந்தால் மண் கடிபடாது. அரிசி குழையும் முன் வெல்லத்தை ஊற்றினால் அப்புறம் எத்தனை விறகு எரித்தாலும் அரிசி வேகாது. வருஷா வருஷம் ஏதாவது ஒரு மைனி அவசரப்பட்டு இதைச் செய்து, "அடுப்பு சரியில்ல" என்பார். அடுப்பின் மேலும் தப்பு இருக்கும், சாரலில் நனைந்த விறகு புகையைத்தான் தரும். காட்டில் ஒரு சுள்ளி ஒடிக்கக்கூடாது. கீழிருந்து கொண்டுபோகும் விறகைத் தார்ப்பாயில் சுற்றி, தரையில் படாமல் கல்லின் மேல் வையுங்கள்.

ஐயனாருக்குச் சைவப் படைப்புதான். கிடா அவரைச் சுற்றியிருக்கும் காவல் தெய்வங்களுக்கு. அமாவாசை அன்று பிதுர் விரதம் இருக்கிறவர்கள் கறி தொடமாட்டார்கள். ஆகவே பல குடும்பங்கள் கிடாவை வேறு நாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். இதை முன்கூட்டியே பேசாத குடும்பத்தில் ஒரு கோஷ்டி இலையில் கறியோடும் இன்னொரு கோஷ்டி முறைத்துக்கொண்டும் உட்கார்ந்திருக்கும். கணக்கு இதுதான்: ஆளுக்குக் கால் கிலோ என்றால் 10 கிலோ கறி. உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறியாகும், அப்படியானால் 20 முதல் 22 கிலோ கிடா. ஆடி நெருங்க நெருங்க விலை ஏறும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையிலோ மேலப்பாளையத்திலோ ஒரு மாதம் முன்பே பிடித்து வீட்டில் கட்டினால் இரண்டாயிரமாவது மிஞ்சும். 10 கிலோ கறிக்கு வற்றல் கால் கிலோ, மல்லி அரைக் கிலோ, சீரகம் 100 கிராம், மிளகு 75 கிராம், சின்ன வெங்காயம் 2 கிலோ, தேங்காய் 5. மசாலாவை வறுத்துப் பொடியாகக் கொண்டுவரலாம். தேங்காயை மட்டும் கீழே அரைத்துக் கொண்டுவராதீர்கள், மதியத்துக்குள் புளித்துவிடும். சோற்றுக்கு அரிசி 6 கிலோ. அந்தச் சாரலில், ஆற்றங்கரைப் பாறையில், வாழையிலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய அந்தக் குழம்புக்காக இந்தப் பஸ்ஸில் இன்னொரு தடவையும் நின்றுகொண்டே வரலாம்! கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரித்தால் இன்னும் ரெண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

குளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே காரையாறு அணை இருக்கிறது. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விடுகிற காலம் இது, மட்டம் சட்டென்று ஏறும். பாறை வழுக்கும். குழந்தைகளைக் கரையோரத்திலேயே குளிப்பாட்டி ஏற்றிவிடுங்கள்.

சாயங்காலம் பூக்குழி, அதாவது தீமிதி. சிங்கம்பட்டி ஜமீனின் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் வந்து அமர்ந்து பார்ப்பது 2020-ல் அவர் காலமாகும் வரை இந்த நாளின் பெரிய காட்சி. வயசானவர்கள் இப்போதும் அந்தப் பக்கம் கையைக் காட்டித்தான் பேசுகிறார்கள். பூக்குழி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடும். நீரிழிவுக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள் அதற்கு முன்பே கிளம்புவது உத்தமம். தற்காலிகக் கழிப்பறைகள் அந்நேரத்துக்கு இருக்கும் நிலையை எழுத வேண்டாம்.

கடைசியாக வரி. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் ஒருவர். பிறந்த வீட்டுப் பெண்கள் விருந்தாளிகள், வரி கிடையாது. பதினாலு தலைக்கட்டுக்கு 2,500 வீதம் 35,000. கிடாவுக்கும் பலசரக்குக்கும் போக, பூசாரி தட்சணை, சாமான் வண்டி, சமையல் ஆள் கூலி என்று எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். திருவிழா முடிந்து வசூலிக்காதீர்கள், சாப்பிட்டவன் கை காய்வதற்குள் ஊருக்குப் போயிருப்பான். பெண்கள் தாமாகக் கொடுப்பதை நன்கொடை என்று எழுதாமல் அவரவர் பெயரைப் போட்டு எழுதுங்கள். கணக்கைக் கீழே இறங்கும் முன் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துவிடுங்கள். இந்த வருஷம் மீதி 640 ரூபாய். அடுத்த வரி 3,000 என்று வாசித்ததும் ஒரு அத்தான், "பன்னெண்டு பேருல ஒம்பதுதானே கெடச்சுது, அதுக்கு எதுக்குவே ஐநூறு கூட?" என்றார். நோட்டில் விடுபட்ட மூன்று முன்னோர் பெயரும் கடையத்து ஆச்சியின் தங்கைக்குத் தெரியுமாம். அவருக்குத் தொண்ணூறு வயசு, இந்த முறை மலை ஏறவில்லை.