ஜூலை 18-ல் நின்றுபோன நோட்டு

செப்டம்பர் 11, 2024, புதன்

இன்றும் பையனுக்கு வயிற்றுவலி. இந்த மாதத்தில் ஐந்தாவது தடவை, எல்லாமே காலை ஏழரைக்கு, வேன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். குழந்தை மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார், ரத்தமும் பார்த்தாயிற்று, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. "நடிக்கிறான்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அதை நம்பினேன், அதனால்தான் காலையில் கையை ஓங்கிவிட்டேன். அவன் விலகக்கூட இல்லை, அடித்துக்கொள் என்பதுபோல அப்படியே நின்றான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. மணி பத்தரை ஆகிவிட்டது, அந்த முகம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து போன், எதிர்த்துப் பேசுகிறானாம், பக்கத்துப் பையனைத் தள்ளிவிட்டானாம், "கொழுப்பு கூடிப்போச்சுங்க" என்றார் டீச்சர். வீட்டிலும் அப்படித்தான். தங்கச்சி அவன் பேனாவைத் தொட்டதற்குத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினான், அப்புறம் ஒரு மணி நேரம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். டிபன் டப்பா பாதிக்கு மேல் திரும்பி வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் முழித்திருக்கிறான். அத்தை கண்ணு பட்டிருக்கு என்று மிளகாய் சுற்றிப் போட்டார், நான் தடுக்கவில்லை.

இன்று அவன் அலமாரியை ஒழுங்குபண்ணும்போது பஸ் நோட்டு கிடைத்தது. எங்கள் வீடு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். மூன்றாம் வகுப்பிலிருந்து சாயங்காலமானால் அங்கே போய் நின்று பஸ் நம்பர் எழுதுவான். டி.என். 45 என் என்றால் திருச்சி, 55 என் புதுக்கோட்டை, 68 என் கும்பகோணம். கலர், எங்கே போகிறது, டயர் புதுசா பழசா, எல்லாம் பென்சிலில் பொடி எழுத்தில். கடைசிப் பதிவு ஜூலை 18. அதற்குப் பிறகு வெற்றுத்தாள். இரண்டு மாதமாக அவன் பஸ் பார்க்கப் போகவில்லை என்பது எனக்கு இன்றுதான் உறைக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்வந்தோம். இவருக்கு இஷ்டமில்லை, யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்றார். சரி, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பினேன், வாசலில் செருப்பு மாட்டும்போது அவரும் வந்துவிட்டார்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிலிருந்து?" இவர் "ரெண்டு வாரமா" என்றார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அவசரமே இல்லாமல் புரட்டிவிட்டு அவனிடம், "நம்பர்ல இந்த 'என்' எழுத்து எதுக்கு?" என்று கேட்டார். "கவர்மென்ட் பஸ்ஸுக்கு மட்டும்தான் என் வரும்" என்றான். எங்களிடம் அவன் இப்படி ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனை நாளாயிற்று.

அப்புறம் அவனைத் தனியாக வைத்துப் பேசினார், பிறகு எங்களைக் கூப்பிட்டார். மனச்சோர்வு என்றார். நான் மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு அது பல நேரம் எரிச்சலாகவும் கோபமாகவும்தான் வெளியே வருமாம், வயிற்றுவலி தலைவலியாகவும் வரும், அந்த வலி நிஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் இப்படி இருந்து, பிடித்த விஷயத்தில் பிடிப்பு போய், தூக்கமும் சாப்பாடும் மாறினால் காத்திருக்கக்கூடாது என்றார். நான் ஓங்கிய கை ஞாபகம் வந்து அங்கேயே அழுதுவிட்டேன்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார், இல்லை என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. தம்பி பிறந்தபின் அம்மா ஒரு வருஷத்துக்கு மேல் பின்கட்டு அறையில் படுத்தே கிடந்தாள், சோம்பேறி என்றார்கள் எல்லோரும். நானும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

சாப்பிடும்போது சொன்னான், "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதிதானே."

அப்படியெல்லாம் பேசாதே என்று வாயடைக்கத்தான் நாக்கு வந்தது. ஆனால் இப்படி ஏதாவது சொன்னால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டேன். "தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" பருக்கையை விரலால் ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரமோ. அப்புறம், "சில நேரம்மா" என்றான். நான் திட்டவில்லை, அழவும் இல்லை, சொன்னது நல்லதுடா என்று மட்டும் சொன்னேன், அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

அவன் படுத்தபின் 14416-க்கு போன் போட்டேன். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் இருந்த அந்தப் பெண் நிதானமாக எல்லாம் கேட்டார், இன்று ராத்திரி தனியாக விடாதீர்கள், மாத்திரை மருந்து எதுவும் கைக்கெட்டும்படி வைக்காதீர்கள், காலையில் டாக்டரைப் பாருங்கள் என்றார். மாமாவின் பிரஷர் மாத்திரையிலிருந்து கரப்பான் மருந்துவரை எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. சாவி என் இடுப்பில். இவர் அவன் பக்கத்தில் பாய்போட்டுப் படுத்திருக்கிறார்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம். ஃப்ளூஆக்சிடின், மனச்சோர்வுக்கான மருந்து, குறைந்த அளவில். இவர் போனில் தேடிப் படித்துவிட்டுப் பயந்துபோனார். 18 வயசுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு இந்த வகை மருந்தால் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004-ல் அமெரிக்காவில் எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். டாக்டர் மழுப்பவில்லை, அதற்காகத்தான் வாராவாரம் வரச் சொல்கிறேன், முதல் சில வாரம் கண்ணை எடுக்காதீர்கள், பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். வாரத்துக்கு ஒருநாள் கவுன்சலிங்கும் போகிறான். அங்கே சொல்லிக்கொடுப்பது, மனசு வரட்டும் என்று காத்திருக்காதே, நாளைக்கு ஒரு சின்ன வேலை செய், மனசு பின்னால் வரும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது இந்த வார வேலை. ஏழு நாளில் நாலு நாள் ஊற்றினான்.

பட்டாசு வெடிக்கவில்லை. தீபாவளி அதுவுமா இப்படி இருக்கானே என்று அத்தை ஆரம்பித்தார், இவர்தான் "விடும்மா" என்று நிறுத்தினார்.

நவம்பர் 16, சனி

இவர் சாயங்காலம் அவனை சத்திரம் வரை கூட்டிக்கொண்டு போனார். நோட்டு எடுத்துப்போகவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. இருபது நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள், கூட்டம் பிடிக்கவில்லையாம், களைப்பாக இருக்கிறதாம். இரண்டு தோசை சாப்பிட்டான். திங்கட்கிழமை வயிற்றுவலி இன்னும் இருக்கிறது, அடுத்த வாரம் செவ்வாய் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

படுக்கும்போது இவர் சொன்னார். வந்து நின்ற ஒரு பஸ்ஸைக் காட்டி "இது நம்ம திருச்சி வண்டிதானடா" என்று கேட்டிருக்கிறார். "55ப்பா. புதுக்கோட்டை" என்றானாம்.