கார் பேட்டரி செத்துப்போனா கதவை எப்படித் திறக்குறது

ரிமோட்டை அமுக்குறீங்க, கார்ல இருந்து ஒரு சத்தமும் இல்ல. ஹேண்டில்ல இருக்குற பட்டனை அமுக்கினாலும் இல்ல. உடனே டோவிங் வண்டிக்கு போன் போடாதீங்க, முதல்ல செத்தது எதுன்னு பாருங்க. ரிமோட்டுக்குள்ள ஒரு பட்டன் செல் இருக்கு, நிறைய கார்ல அது சிஆர் 2032, 3 வோல்ட், வாட்ச் கடையிலயே கிடைக்கும். அது தீந்திருந்தா கார் நல்லாத்தான் இருக்கும், ஸ்பேர் சாவியை எடுத்துட்டு வந்து அமுக்கினா திறந்துடும். ஸ்பேருக்கும் அசையல, ராத்திரி லாக் பண்ணி நிக்கும்போது டேஷ்போர்டுல மினுக் மினுக்குன்னு எரியுமே அந்த சின்ன சிவப்பு லைட்டும் அணைஞ்சு கிடக்குதுன்னா, செத்தது கார் பேட்டரிதான்.

எங்க சித்தப்பா மதுரையில ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வச்சிருக்காரு, பள்ளிக்கூட லீவு முழுக்க நான் அங்கதான் கிடப்பேன், அதனால இந்த விஷயத்துல எனக்கு கொஞ்சம் அக்கறை அதிகம். எல்லாரும் தெரிஞ்சு வச்சிக்கணும்னு நினைக்கிறதாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

பட்டன் ஸ்டார்ட் கார் வச்சிருக்குறவங்க நிறைய பேருக்கு அந்த ரிமோட்டுக்குள்ளயே ஒரு இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்குன்னு தெரியாது. ரிமோட்டோட ஓரத்துலயோ பின்பக்கத்துலயோ சின்னதா ஒரு லாட்ச் இருக்கும், அதைத் தள்ளிப் புடிச்சுகிட்டு இழுத்தா சாவி தனியா வந்துடும். எங்க அபார்ட்மென்ட்ல ஒரு அக்கா, அவங்க வீட்டுக்காரர் வேலைக்காக வெளிநாடு போனதுல இருந்து வண்டி ஸ்டில்ட் பார்க்கிங்லயே நின்னுட்டு இருந்துச்சு, ஒரு நாள் காலையில அவங்க அம்மாவை ஹாஸ்பிடலுக்கு கூட்டிட்டுப் போகணும்னு கீழ வந்தா கார் திறக்கல. "தம்பி, இதுக்கு சாவியே கிடையாதுப்பா, ரிமோட் மட்டும்தான் கொடுத்தாங்க"ன்னாங்க. "இல்லக்கா, இதுக்குள்ளயே இருக்கு, கொடுங்க"ன்னு வாங்கி உருவிக் காட்டினேன், இத்தனை வருஷமா கைப்பைக்குள்ள இது இருந்துச்சான்னு அப்படியே பாத்துட்டு நின்னாங்க.

சாவி கிடைச்சிடுச்சு, அடுத்து துளை எங்க. பெரும்பாலும் டிரைவர் பக்க கதவுல மட்டும்தான் இருக்கும். சில கார்ல பளிச்சுன்னு தெரியும், சிலதுல அழகுக்காக ஹேண்டில் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு மறைச்சிருப்பாங்க. அந்த மூடிக்கு அடியில ஒரு சின்ன பிளவு இருக்கும், ஹேண்டிலை இழுத்துப் புடிச்சுகிட்டு சாவி முனையை அதுல விட்டு நெம்பினா மூடி கழண்டு வரும். அவசரத்துல ஸ்க்ரூடிரைவர் போட்டு குத்துனா பெயின்ட் போகும், மூடியும் உடையும்.

வருஷக்கணக்கா யாரும் சாவி போடாத லாக் இறுகிப்போய் இருக்கும், அதுவும் கடற்கரை ஓரமா இருக்குற ஊர்னா உப்புக் காத்து வேற. திரும்பலன்னா பலம் போடாதீங்க, அந்த சாவி மெல்லிசு, உள்ள உடைஞ்சா அதோட கதை முடிஞ்சுது. லூப்ரிகன்ட் ஸ்ப்ரே இருந்தா துளைக்குள்ள கொஞ்சமா அடிச்சு, சாவியை உள்ள வெளிய நாலு தடவை ஆட்டி, ரெண்டு பக்கமும் மெதுவா திருப்பிப் பாருங்க. அந்த அக்கா வண்டியும் அப்படித்தான் வந்துச்சு.

திறந்தது டிரைவர் கதவு மட்டும்தான், கரன்ட் இல்லாததால மத்த கதவை உள்ள உக்காந்து கையாலதான் எடுத்து விடணும். பேட்டரி பானட்டுக்கு அடியில இருக்கு, பானட் லிவர் காருக்குள்ள இருக்கு, அதனாலதான் கதவு திறக்குறது முதல் வேலையா ஆகுது. டிக்கி அனேகமா எலக்ட்ரிக் பட்டன்தான், திறக்காது. ஜம்பர் கேபிளை, அதாவது இன்னொரு வண்டி பேட்டரியில இருந்து செத்த பேட்டரிக்கு கரன்ட் கொடுக்குற வயரை, டிக்கியில வச்சிருக்குறவங்க தயவுசெஞ்சு அதை முன் சீட்டுக்கு அடியில மாத்துங்க. ஹேட்ச்பேக்னா பின் சீட்டை மடக்கிட்டு எட்டி எடுக்கலாம், செடான்ல பல வண்டியில அந்த வழியும் கிடையாது. சில ஜெர்மன் கார்ல பேட்டரியே டிக்கியிலதான், ஆனா அதுக்குன்னே பானட்டுக்குள்ள தனியா ஜம்ப் டெர்மினல் கொடுத்திருப்பாங்க.

அந்த கேபிளைப் போட்டு இன்னொரு வண்டியில இருந்து கரன்ட் எடுக்குறதைத்தான் ஜம்ப் பண்றதும்பாங்க, அதுல மாட்டுற வரிசை ரொம்ப முக்கியம். சிவப்பு கேபிளை செத்த பேட்டரியோட ப்ளஸ்ல, மறுமுனையை நல்ல பேட்டரியோட ப்ளஸ்ல. கறுப்பை நல்ல பேட்டரியோட மைனஸ்ல மாட்டிட்டு கடைசி முனையை செத்த வண்டியோட இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல கடிக்க விடணும், பேட்டரி மேல இல்ல. கடைசியா மாட்டும்போது பொறி பறக்கும், பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ரெண்டும் பக்கத்துல சேரக்கூடாது, சித்தப்பா இதுல யாரையும் விடமாட்டாரு, சத்தம் போட்டுடுவாரு. இன்னொண்ணு, கதவு லாக் மோட்டாருக்கு ரொம்பக் கொஞ்சம் கரன்ட் போதும், இன்ஜினை ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார்தான் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். லாக்கே திறக்கலன்னா பேட்டரி அடிமட்டத்துக்குப் போயிருக்குன்னு அர்த்தம், அதனால கேபிள் போட்ட உடனே செல்ஃப் அடிக்காம நல்ல வண்டியை அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட்டு அப்புறம் அடிங்க. கேபிள் பட்டதும் அலாரம் அலறலாம், கதவை சாவி போட்டுத் திறந்ததை கார் திருட்டுன்னு எடுத்துக்கும், பயப்படாம ரிமோட்ல அன்லாக் அமுக்குனா நின்னுடும்.

சாவித் துளையே வேலை செய்யலன்னா? அந்தக் காலத்து மாருதி 800ல கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல ஸ்டீல் ஸ்கேலை விட்டு மெக்கானிக்குங்க நொடியில திறப்பாங்க. இப்ப கதவுக்குள்ள வயரு, சென்சாரு எல்லாம் ஓடுது, ஸ்கேல் விட்டா செலவுதான் ஏறும். விவரமான எலக்ட்ரீஷியன் வேற வழி பாப்பாரு, வண்டியை ரேம்ப்ல ஏத்தி அடியில இருந்து செல்ஃப் மோட்டார்ல வர்ற ப்ளஸ் டெர்மினல்ல வெளிக் கரன்ட் கொடுப்பாரு, அது நேரா பேட்டரியோட சேர்ந்த வயர்தானே, கார் உயிர் வந்து ரிமோட்டுக்கே திறந்துடும். இது தெரிஞ்சவங்க பண்ற வேலை, ஜாக்கி மட்டும் போட்டுட்டு வண்டிக்கு அடியில யாரும் படுக்காதீங்க. உள்ள குழந்தை மாட்டியிருந்தா இது எதையும் யோசிக்க வேண்டாம், குழந்தை இல்லாத பக்கத்து கதவுக் கண்ணாடியோட மூலையில கூர்மையான இரும்பால ஓங்கி அடிங்க, முன் கண்ணாடியில அடிச்சு நேரத்தை வீணாக்காதீங்க, அது ரெண்டு அடுக்கு ஒட்டுனது, விரிசல் விடுமே தவிர வழி விடாது.

எனக்கு உண்மையிலேயே பயம் கொடுக்குறது சாவித் துளையே இல்லாத, ஹேண்டிலும் கரன்ட்லதான் வேலை செய்யுற கார்கள்தான். எலக்ட்ரிக் கார்ல அடியில அவ்வளவு பெரிய பேட்டரி முழு சார்ஜோட இருந்தாலும் கதவு, லைட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுறது தனியா இருக்குற 12 வோல்ட் பேட்டரியில, அது செத்தா பெரிய பேட்டரியும் கனெக்ட் ஆகாது. டெஸ்லா மாடல் 3ல முன் பம்பர்ல டோ ஹூக் மூடிக்குப் பின்னால ரெண்டு வயர் வச்சிருக்காங்க, அதுல வெளியில இருந்து 12 வோல்ட் கொடுத்தா முன் பானட் திறக்கும். 2025 செப்டம்பர்ல அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்புத் துறை டெஸ்லாவோட இன்னொரு காரான மாடல் ஒய்ல, 2021ல வந்த சுமார் 1,74,000 வண்டி மேல விசாரணை ஆரம்பிச்சது இந்த ஹேண்டில் பிரச்சனைக்காகத்தான், உள்ள இருந்த குழந்தையை எடுக்க முடியாம கண்ணாடியை உடைச்ச பெத்தவங்க புகார் கொடுத்திருந்தாங்க. அதுக்கும் முன்னால, 2015 ஜூன்ல டெக்சாஸ் போர்ட் ஆர்தர்ல 72 வயசு பெரியவர் ஒருத்தர் தன்னோட 2007 கார்வெட் காருக்குள்ள மாட்டி வெயில்ல இறந்துட்டாரு, கூட இருந்த நாயும். பேட்டரி கேபிள் லூசானதால எலக்ட்ரிக் கதவு திறக்கல. கையால திறக்குற லிவர் சீட்டுக்குப் பக்கத்துல தரையிலயே இருந்துச்சு, அவருக்கு அது தெரியல. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு மனசே ஆறல. வெளியிலயும் உள்ளயும் கரன்ட் இல்லாம திறக்குற வழி கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கணும், அதை அழகுக்காக மறைக்கிறதை என்னால ஏத்துக்கவே முடியல.

சும்மா நிக்குற கார்ல எப்படி சார்ஜ் இறங்குதுன்னு அந்த அக்கா கேட்டாங்க. லாக் பண்ணி வச்சாலும் அலாரம், ரிமோட் ரிசீவர் எல்லாம் தூங்காது. 50 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் போச்சு, சின்ன கார்ல இருக்குற 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரு மாசத்துல காலி. டேஷ்கேம் நேரடியா வயர் பண்ணியிருந்தா இன்னும் சீக்கிரம். முழு சார்ஜ்ல 12.6 வோல்ட் காட்டணும், 12க்குக் கீழ போனா கிட்டத்தட்ட தீந்துடுச்சு. நீண்ட நாள் ஊருக்குப் போறவங்க பேட்டரி மைனஸ் டெர்மினலை ஸ்பேனர் போட்டுக் கழட்டி வச்சிட்டுப் போங்க, ஆனா அதுக்கு அப்புறம் ரிமோட்ல லாக் ஆகாது, இரும்புச் சாவியைப் போட்டுத்தான் கதவைப் பூட்டணும், அது திரும்புதான்னு கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு தடவை பூட்டித் திறந்து பாத்துக்கோங்க.