எத்தனை தப்பு?

போன ஞாயிறு காலை பினாங்கு மாநிலத்தின் செபராங் ஜெயாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பாலும் மேசைக்கு வந்தன. காப்பி ஆறுவதற்குள் தங்கை மகளைக் கூப்பிட்டாள். ஒன்பது வயது. "மாமாவுக்கு மனக்கணக்கு செஞ்சு காட்டு. அண்ணே, ஏதாவது பெருக்கல் கேளுங்க. ரெண்டு இலக்கத்துல கேளுங்க, டக்குனு சொல்வா."

கதை சொல்லும் போட்டி மேடையில் நிற்கிற மாதிரி பிள்ளை நிமிர்ந்து நின்றாள். விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத மணிச்சட்டத்தில் மணி தள்ள அவை தயாராகிவிட்டன. அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. "பசியாறிட்டியாம்மா?" என்றேன். இதற்கு என்ன பதில் சொன்னால் சரி என்பதுபோல் அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தங்கைக்கு வருத்தம். அன்றிரவே வாட்சாப்பில் கேட்டாள்: "ஏண்ணே, பிள்ளைய ஒரு வார்த்தை பாராட்டியிருக்கலாமே?" நாலு வரியில் பதில் சொல்ல வரவில்லை எனக்கு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மகன் 2002-இல் பிறந்தவன். நாலு வயதில் அவனை மோட்டாரில் முன்னால் உட்காரவைத்து, பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் பினாங்குத் தீவுக்குக் கூட்டிப் போவேன். எல்லாரும் கடலைப் பார்ப்பார்கள். அவன் கார்களின் எண் தட்டைப் பார்ப்பான். 7384 என்றால் "இருவத்திரெண்டு" என்பான். அடுத்த காரையும் கூட்டுவான். அதுவும் இருபத்திரண்டு வந்துவிட்டால் கைதட்டிச் சிரிப்பான். "அப்பா, இது ரெண்டும் அண்ணன் தம்பி!" யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாட்டு வருகிற பிள்ளைக்குப் பாட்டு வருவதுபோல இவனுக்குக் கணக்கு வந்தது.

ஏழு வயதில் அபாகஸ் வகுப்பில் சேர்த்தேன். எட்டு வயதில் முதல் கோப்பை. பிறகு கல்யாண வீடு, கோயில், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், எங்கே போனாலும் அவனை முன்னால் நிறுத்தினேன். "ஐயா, 47 பெருக்கல் 68?" "3196." ஆட்கள் கைப்பேசியில் சரிபார்த்து வாய் பிளப்பார்கள். அந்த நேரம் எனக்குள் எழுந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. என் அப்பா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாரும் அதுவரை வாய் பிளந்ததில்லை.

பெருமை மட்டும்தான் காரணம் என்றால் எப்போதோ நிறுத்தியிருப்பேன். பயமும் இருந்தது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனில் 1,500 இடம் என்ற அறிவிப்பு வந்தபோது அவன் நாலாம் ஆண்டு. அன்றிரவு ஷிப்டில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன்: இன்னும் எட்டு வருஷத்தில், 2020-இல், இவன் அந்த வரிசையில் நிற்பான். இடம் கிடைக்குமா? பத்து வயதுப் பிள்ளை பக்கத்து அறையில் தூங்குகிற வீட்டில் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வருவான். ஹெல்மெட் வாரை மாட்டிவிடும்போதே கேட்பேன், "எத்தனை தப்பு?" எத்தனை சரி என்று ஒருநாளும் கேட்டதில்லை. நூறில் மூன்று தப்பு என்றால் வீடு வரும்வரை அந்த மூன்றைப் பற்றியே பேச்சு. கொஞ்ச நாளில் தப்பே இல்லாமல் போனது. பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் சாமி அலமாரியைத் துடைத்த என் மனைவி, படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்த தாள்களை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பதினேழு தாள். எல்லாவற்றிலும் சிவப்பு மையில் அடித்த கணக்குகள்.

அப்போதாவது நான் நின்றிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் பாங்கியில் உள்ள யூகேஎம் பல்கலைக்கழகத்தின் பெர்மாத்தா பிந்தார் திட்டத்துக்கு, அதிதிறன் பிள்ளைகளுக்கான தேர்வை எழுதவைத்தேன். இணையத்தில் எழுதும் முதல் கட்டம் தேறினான். இரண்டாம் கட்டத்தில் தேறவில்லை. நான் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் அவனே வந்து, "அப்பா, இனிமே கவனமா செய்றேன்" என்றான். பதினோரு வயது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

2014 செப்டம்பரில் யூபிஎஸ்ஆர், ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்போது 7 ஏ தான் உச்சம். ஏழும் வந்தால் தண்ணீர்மலைக்குப் பால்குடம் என்று நேர்ந்திருந்தேன், சுமக்க வேண்டியவன் அவன். கணிதத் தாள் எழுதிவிட்டு வந்தவன் பல மாதங்களுக்குப் பிறகு வீட்டில் பாடினான். அதற்குள் செய்தி வந்தது, தாள்கள் கசிந்துவிட்டன. அறிவியலும் ஆங்கிலமும் செப்டம்பர் 30 என்றார்கள். கொஞ்ச நாளில் கணிதமும் தமிழும் அக்டோபர் 9 என்றார்கள். நாடு முழுக்கப் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்தார்கள்.

"நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சேன், ஏன் திரும்ப?" என்று கேட்டான். உன் தப்பு இல்லை ஐயா என்று மடியில் போட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. நான் இன்னொரு டியூஷனுக்குப் பணம் கட்டினேன். மறுதேர்வுக்கு முந்தின இரவு வாந்தி எடுத்தான். 6 ஏ, 1 பி வந்தது. அந்த பி எந்தப் பாடத்தில் என்றுதான் முதலில் பார்த்தேன். கணிதத்தில்.

2000-ஆம் ஆண்டு பத்திரிகையில் படித்த ஒரு செய்தி ஞாபகம் இருக்கிறது. மலேசியத் தாய்க்குப் பிறந்த சூஃபியா யூசோஃப், 1997-இல் 13 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படிக்கச் சேர்ந்தவர், தேர்வு முடிந்த கையோடு காணாமல் போனார். பிறகு போர்ன்மத் நகரில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கொடுத்த நெருக்கடி தாங்கவில்லை என்று எழுதியிருந்தார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆன புதிது. பிள்ளையை இப்படியா படுத்துவார்கள் என்று என் மனைவியிடம் கோபமாகச் சொன்னேன். சொல்லி இரண்டு வருஷத்தில் என் மகன் பிறந்தான்.

யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் 2024-இல், ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம்மில் 10 ஏ எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவிப்பு வந்தது. நல்ல அறிவிப்பு, வரவேற்கிறேன். அதே வாரம் என் தங்கை மகளுக்குப் புது டியூஷன் சேர்ந்தது. அப்போது அந்தப் பிள்ளைக்கு எஸ்பிஎம் எழுத இன்னும் ஒன்பது வருஷத்துக்கு மேல் இருந்தது.

இதையெல்லாம் போனில் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். தங்கை கேட்டாள், "உங்க மகனுக்கு இப்ப என்ன குறைச்சல்ணே? பாலிடெக்னிக் முடிச்சான், வேலைக்குப் போறான், நல்லாத்தானே இருக்கான்?"

நல்லாத்தான் இருக்கிறான். போன மாதம் சம்பளம் வந்ததும் எங்களை நாசி கண்டார் சாப்பிடக் கூட்டிப் போனான். அவனுடைய கூட்டாளி ஒருவனும் வந்திருந்தான். ஆக நாலு பேர், 62 வெள்ளி 40 காசு. கூட்டாளி தன் பங்கைத் தருவேன் என்று பிடிவாதமாக நின்றான். ஆளுக்குப் பதினைந்து வெள்ளி அறுபது காசு என்று எனக்கே வந்துவிட்டது. மகன் கைப்பேசியை எடுத்தான். 62.40 என்று ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, நாலால் வகுத்தான். ஒருமுறை அழித்துவிட்டு மறுபடியும் அழுத்திப் பார்த்தான்.

"என்னய்யா, இதுக்குமா கைப்பேசி?" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான், "இதுல போட்டா சரியா இருக்கும்பா."