யென் குறி இருந்துவிட்டுப் போகட்டும்

டோக்கியோவின் நிஷி-கசாய்க்குக் குடிவந்த முதல் வருடம், இங்கே வருகிற நம்மவர்கள் பலரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அகிஹபாராவுக்கு ரயிலேறி, பழைய லேப்டாப் விற்கும் கடைகளில் ஏறி இறங்கி, நாற்பதாயிரம் யென்னுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் ஏதோ இரண்டு தடவை கேட்டார், நானும் இரண்டு தடவை ‘ஹாய் ஹாய்’ (ஜப்பானியத்தில் ‘ஆமாம்’) என்று தலையாட்டினேன். ‘எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், பரவாயில்லையா’ என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

மொழியை மாற்றுவது இப்போது பெரிய விஷயமில்லை. விண்டோஸ் 7 காலத்தில் அல்டிமேட், எண்டர்பிரைஸ் இரண்டில் மட்டும்தான் முடியும், வீட்டுக்கு வாங்குகிற சாதாரண பதிப்பில் வழியே கிடையாது. விண்டோஸ் 8-க்குப் பிறகு ‘சிங்கிள் லாங்குவேஜ்’ என்று பெயரிலேயே போட்டிருக்கும் பதிப்பைத் தவிர மற்றதில் எல்லாம் முடியும். நம் ஊரில் விற்கும் நிறைய லேப்டாப்களில் இருப்பது அந்த சிங்கிள் லாங்குவேஜ்தான், அதனால் ஊரிலிருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்னுடையது வெறும் ‘ஹோம்’. பதிப்பின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருந்ததால் அதை வாசிக்க முடிந்தது.

படிக்கத் தெரியாத மெனுவில் மொழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு குறுக்கு வழி. விண்டோஸ் பட்டனையும் ‘ஐ’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். இடது பக்கப் பட்டியலில் கடிகாரப் படம் போட்டதைத் தொடுங்கள். மொழிக்கு ஜப்பானியத்தில் ‘கெங்கோ’, இரண்டு காஞ்சி எழுத்து, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்து. முதல் எழுத்து அப்படியே இரண்டாவது எழுத்தின் இடது பாதியாகவும் உட்கார்ந்திருக்கும், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் மறக்காது. அங்கே போய் ஆங்கிலத்தைச் சேர்த்து, இறங்கி முடித்ததும் ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ரீஸ்டார்ட் செய்தேன். பாஸ்வேர்ட் தவறு என்றது. மறுபடி போட்டேன், மறுபடி தவறு. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன், அப்போதும் தவறு. ராத்திரி பதினொன்றரை, மறுநாள் அலுவலகம், வாங்கி ஆறு மணி நேரம்கூட ஆகாத லேப்டாப்புக்கு வெளியே நான் நிற்கிறேன்! கடைசியில் பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜப்பானிய கீபோர்டில் அட் குறி (@) ‘பி’ எழுத்துக்கு வலது பக்கம் தனி கீயாக இருக்கும். ஆங்கிலத்தைச் சேர்த்ததும் விண்டோஸ் என் கீபோர்டை அமெரிக்க கீபோர்டு என்று நினைத்துக்கொண்டு, அந்த கீயை அழுத்தினால் சதுர அடைப்பைப் போடுகிறது. ஷிப்டும் 2-ம் சேர்த்து அழுத்தினேன், திறந்தது. அதனால் திரைக்கு ஆங்கிலம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பட்டியலிலிருந்து ஜப்பானியத்தை நீக்காதீர்கள். ஜப்பானிய கீபோர்டையே ஆங்கில எழுத்து முறையில் வைத்துத் தட்டினால், கீயில் என்ன அச்சாகியிருக்கிறதோ அது வரும்.

சரி, முடிந்தது என்று நினைத்து, கட்டளைகளைத் தட்டுகிற கமாண்ட் பிராம்ப்ட் திரையைத் திறந்தால், ‘சி’ டிரைவுக்குப் பக்கத்தில் பேக்ஸ்லாஷ் (\) இல்லை, யென் குறி (¥)! இது கோளாறு இல்லை. கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கும். அந்தந்த நாடு தன் குறிகளைப் போட்டுக்கொள்ளட்டும் என்று அந்த எழுத்துக் குறியீட்டில் சில இடங்களை விட்டிருந்தார்கள். ஜப்பான் 1969-இல் தன் தரத்தை வகுத்தபோது, பேக்ஸ்லாஷ் இருந்த இடத்தில் யென்னை உட்கார வைத்தது. கொரியாவில் அதே இடத்தில் வோன் குறி. உள்ளே இருக்கும் எண் ஒன்றுதான், பார்வைக்குத்தான் வேறு. ஆனால் சம்பளத்தையும் யென்னில் வாங்கிக்கொண்டு ஃபோல்டர் பாதையிலும் யென்னைப் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

இதற்குக் காரணம் சிஸ்டம் லோக்கேல், பழைய மென்பொருள்களுக்கு எந்த மொழியின் எழுத்துக் குறியீடு என்று சொல்கிற தனி அமைப்பு, திரை மொழியை மாற்றினாலும் இது மாறாது. லாகின் திரையின் மொழியும் அப்படித்தான், ‘காப்பி செட்டிங்ஸ்’ என்று ஒரு பட்டனைத் தேடி அழுத்த வேண்டும். லோக்கேலையும் ஆங்கிலமாக்கினேன், யென் போனது. இரண்டு நாள் கழித்து, அலுவலக நண்பர் கொடுத்த பழைய ஜப்பானிய அகராதி மென்பொருளைத் திறந்தால் முழுக்கக் கோழி கிறுக்கல். இங்கே இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, ‘மோஜிபாகே’. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு முந்தைய மென்பொருள்களுக்கு அந்த லோக்கேல்தான் உயிர். பழையபடி ஜப்பானுக்கே மாற்றிவிட்டேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆங்கில விண்டோஸைப் புதிதாகப் போடலாமே என்றால் போடலாம், அதே பதிப்பாக இருந்தால் உரிமமும் தானாகவே வந்துவிடும். எனக்குச் சோம்பல்.

திரையைத் தமிழாக்கியும் பார்த்தேன். தமிழ் முழுப் பொதி இல்லை, ஆங்கிலத்தின் மேல் விரிக்கிற விரிப்பு, பாதி இடத்தில் அடியில் இருப்பது தெரிகிறது. ஒரு வாரத்தில் எடுத்துவிட்டேன். ஆனால் கீபோர்டு விஷயத்தில் குறையே சொல்ல முடியாது, 2019-இலிருந்து தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் கீபோர்டு முறைகளும் விண்டோஸிலேயே இருக்கின்றன. இதையும் தமிழ்99-இல்தான் அடிக்கிறேன். கீயில் இருப்பது ஆங்கிலமும் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்தும், திரையில் வருவது தமிழ். அது பழகிவிட்டது. பழகாதது ஸ்பேஸ் பார்தான். இரண்டு பக்கமும் காஞ்சிக்கான கீகளை வைத்து அதைச் சுருக்கிவிட்டார்கள், என் கட்டைவிரல் இந்தப் பத்தியிலேயே நான்கு தடவை பக்கத்து கீயில் போய் விழுந்தது.