பீபெரி பழகிய நாக்கும் டீக்கடை காபியும்

உயர்ந்த ரகக் காபிக்கொட்டைகளான பீபெரியும் பிளான்டேஷன் ஏயும் கலந்து, அன்றன்று வறுத்து அரைத்த தூளில் போட்ட காபி ஒருமுறை பழகிவிட்டால் வெளியே எங்கும் வாய் வைக்க முடியாது என்பார்கள். பாதிதான் உண்மை. நல்ல ஃபில்டர் காபி கெடுப்பது மோசமான ஃபில்டர் காபியைத்தான். டீக்கடையில் இன்ஸ்டன்ட் தூளைப் போட்டு நுரை பொங்க ஆற்றித் தருகிறார்களே, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அது வேறு பானம். சுக்கு காபியைக் குடித்துவிட்டு பீபெரி மணம் இல்லையே என்று யாரும் குறைப்படுவதில்லை.

நாக்கு தேறிய பிறகு வீட்டுக் காபியில் முதலில் உறுத்துவதும் கொட்டையின் தரம் அல்ல, கைப்பக்குவம். இதற்குக் காசு வேண்டாம். இரண்டு பேருக்கு என்றால், ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் குவியாமல் மூன்று மேசைக்கரண்டி தூள். தூளை அமுக்கும் குடையை வைத்து லேசாக அழுத்தினால் போதும். இறுக்கினால் டிகாக்‌ஷன் சொட்டாமல் நின்றுவிடும். தண்ணீர் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் தூள் நனையும் அளவு, பிறகு மீதி. மொத்தம் 150 மில்லி. கால் மணி முதல் இருபது நிமிடத்தில் இறங்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் இறங்கினால் தூள் கொரகொரப்பு, டிகாக்‌ஷன் நீர்த்திருக்கும். மணிக்கணக்கில் நின்றால் தூள் மாவாகிவிட்டது, அல்லது துளை அடைத்திருக்கிறது. எவர்சில்வர் ஃபில்டரென்றால் அடித்தட்டை அடுப்புத் தணலில் காட்டித் தட்டினால் அடைப்பு உதிரும். டிகாக்‌ஷனைச் சூடு பண்ணவே கூடாது, கசந்துவிடும். பாலைத்தான் சூடாக்கிக் கலக்க வேண்டும், அதுவும் காலையில் காய்ச்சியதை நாலாவது தடவை கொதிக்க வைக்காமல்.

சிக்கரியை மட்டமாகப் பேசுவது ஒரு ஃபேஷன். அதில் காஃபின் கிடையாது; நிறமும் கெட்டியும் தரும். காபி 80, சிக்கரி 20 என்ற 80:20 எனக்குச் சரியான கலவையாகவே படுகிறது. 60:40 என்றால் பால் தூக்கலாக வேண்டும்.

உண்மையான ஆபத்து, உசத்தியானதைத் தினமும் குடிப்பதில் இருக்கிறது. 1978-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை அடித்தவர்களுக்கு அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 2013-ல் வந்த இன்னொன்றில், ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருந்தவர்கள் மறுபடி சாப்பிட்டபோது கூடுதலாக ரசித்தார்கள். ஆகவே வார நாட்களுக்கு 70:30, ஞாயிற்றுக்கிழமைக்கு பீபெரி. ஒரே நாளில் இரண்டும் என்றால் சாதாரணமானது முதலில்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிறு மட்டும் போடுவதானால் 100 கிராம் தூள் ஒரு மாதத்துக்கு வரும். இரண்டாவது வாரமே மணம் இறங்கிவிடும். வறுத்த கொட்டையாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அன்றைக்கு வேண்டிய 20 கிராமை மட்டும் மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் தூள் சூடேறி, இருக்கிற மணமும் போய்விடும்.