தராகி சிவராம்
பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பத்திரிகையாளர் சிவராம் நினைவு வந்துவிடுகிறது. மட்டக்களப்பில் 1959ல் பிறந்து இங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர், பட்டம் முடிக்காமலே தமிழ் ஆயுத இயக்கத்துக்குப் போனார், அப்புறம் 1989ல் ஐலண்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையில் தராகி என்ற பெயரில் எழுதத் தொடங்கினார்.

1992ல் லங்கா கார்டியன் என்ற ஆங்கில இதழில் தமிழர் படைமரபு பற்றி எழுதினாரே, அந்தத் தொடரை ஹட்டன் பஸ்ஸில் இருந்துகொண்டே வாசித்தேன். மறவர் போன்ற போர்க்குடிகளை வெள்ளைக்காரன் எப்படி அடக்கினான் என்பதை அவர் விரித்துச் சொன்ன மாதிரி எனக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லா முடிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அந்த உழைப்பு பெரிது.

2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பு பம்பலப்பிட்டியில் அவரைக் கடத்தினார்கள். மறுநாள் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் உடல் கிடந்தது. அன்றைக்கு அப்பா எங்கள் தோட்டத்து லயத்து வாசலில் ரேடியோவை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார்.