இருபது ரூபாய் நூதனசாலை

மூன்று நாளாகக் குசினியில் நின்றுதான் தேத்தண்ணி குடிக்கிறேன். விறாந்தைக்குப் போனால் இருபது ரூபாய்.

"வீட்டுக்காரருக்கும் டிக்கெட்டா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வீட்டுக்காரி அம்மா. நீங்க வந்தவர்," என்றான் மூத்தவன்.

மட்டக்களப்பில் கலியாணம் முடித்தவனுக்கு இந்த உண்மையை ஒன்பது வயதுப் பிள்ளையா சொல்லித்தர வேண்டும்? சீதன வீட்டில் பத்து வருசமாகக் குடியிருப்பவனுக்குத் தெரியாததா? ஆனாலும் காவலாளி மாதிரி, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு ஒருத்தன் சொல்லும்போது சுள்ளென்றுதான் இருக்கிறது.

எல்லாம் கொழும்புப் பயணத்தால் வந்த வினை. பள்ளிக்கூட லீவு. வெள்ளவத்தையில் மச்சாள் வீடு. அங்கே போயும் பிள்ளைகள் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கக்கூடாது என்பதற்காக, "இந்த முறை நூதனசாலை பார்க்கிறோம்" என்று பெரிய மனிதத் தொனியில் அறிவித்தேன். "எங்கட மட்டக்களப்புக் கோட்டையையே நீங்க இன்னும் ஒழுங்காக் காட்டல்ல," என்றாள் மனைவி. ஏற்றுக்கொள்ள வேண்டிய குற்றச்சாட்டுத்தான். 1628இல் போர்த்துக்கேயன் கட்டி, 1638இல் ஒல்லாந்தன் பிடித்த கோட்டை. நாங்கள் அதற்குள் போனதெல்லாம் கச்சேரி அலுவலுக்குத்தான். மூத்தவனைப் பொறுத்தவரை கோட்டை என்றால் பீரங்கி ஒன்றும், பிறப்புச் சான்றிதழும்.

இரவுக் கோச்சியில் வாழைச்சேனை தாண்டுவதற்குள் கேட்டுவிட்டான்: "அப்பா, அங்க திமிங்கிலம் இரிக்கா?"

"எலும்புக்கூடு இரிக்கி."

இந்த இரண்டு சொல்லை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருந்தால்! திமிங்கிலம் இருப்பது அதே வளவுக்குள் உள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையில். நான் கூட்டிக்கொண்டு நுழைந்தது முன்னால் இருக்கிற தேசிய நூதனசாலையின் பெரிய வெள்ளைக் கட்டடத்துக்குள். ஒவ்வொரு அறை வாசலிலும் "திமிங்கிலம் இதுக்குள்ளயா?" பராக்கிரமபாகு காலத்துச் சிலையின் பின்னால் கூட எட்டிப் பார்த்தான்.

கவனத்தைத் திருப்பக் கதை சொல்லத் தொடங்கினேன். இது 1877இல் திறந்தது, கிரெகரி என்ற தேசாதிபதி கட்டுவித்தது, வெளியே நிற்கிற சிலை அவர்தான் என்றேன். கொட்டாவி விட்டான். காத்தான்குடி நண்பர் பெருமையோடு சொல்லும் கதையை எடுத்துவிட்டேன். கட்டடத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரிடம் தேசாதிபதி என்ன வேண்டும் என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் பூட்டி வைத்தால் போதும் என்றாராம் அவர். வெகுகாலம் அப்படித்தான் பூட்டிக் கிடந்ததாம்.

முதல் தடவையாகத் திமிங்கிலத்தை மறந்து யோசித்தான். "அப்ப எங்கட பள்ளிக்கூடத்தைக் கட்டினவர் ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

சின்னவள் நின்றது ஒரேயொரு இடத்தில். கண்டி ராசாவின் சிம்மாசனத்துக்கு முன்னால். 1815இல் ராசாவைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினான் வெள்ளைக்காரன். கதிரையைச் சீமைக்குக் கொண்டுபோய், 1934இல்தான் திருப்பித் தந்தான்.

"ராசா எங்க?"

"செத்துட்டார் மகள்."

"அப்ப இதுல ஆர் இரிக்கிற?"

"ஒருத்தரும் இரிக்கிறல்ல. பார்க்கிறதுக்கு மட்டும்."

கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றாள். கால் நோகிறதாக்கும் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டேன்.

அடுத்தது என்னுடைய முறை. காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனத்துக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. 1409 என்று தேதியிட்ட கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டியிருக்கிறது. சீனத்திலிருந்து ஒருத்தன் தமிழில் எழுதிக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். நாங்கள் அதைக் கவிழ்த்துப்போட்டுக் கானுக்கு மூடியாக வைத்திருந்திருக்கிறோம். 1911இல் காலியில் யாரோ புரட்டிப் பார்த்த பிறகுதான் விசயம் தெரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. "எழுத்தே தெரியல்லயே?" என்றான்.

"அதுதான் மனே விசேசம். மூணு பாசையிலயும் ஒரே கதை இல்ல. சீனத்துல புத்தருக்குக் காணிக்கை. தமிழ்ல தென்னாவரை நாயனார் எண்ட சாமிக்கு. பாரசீகத்துல அல்லாஹ்வுக்கு. ஆரு வாசிக்கிறாங்களோ, அவங்களுக்கு ஏத்தமாதிரி."

இதை மட்டும் கவனமாகக் கேட்டிருக்கிறான். பாவி.

கடைசியில் திமிங்கிலத்திடம் போய்ச் சேர்ந்தோம். ஒரு நிமிசம் பார்த்தான். "பெரிய மீன் முள்ளு," என்றான். வாவிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு அவ்வளவுதான். மறுகா வெளியே ஆலமரத்தடியில் மாலுபாண் தின்று முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தான்.

மறுநாள் புறக்கோட்டை ஒல்லாந்தர் நூதனசாலை. பிரின்ஸ் வீதியில், ஒரு காலத்தில் ஒல்லாந்தத் தேசாதிபதி இருந்த வீடு. முற்றமும் தூணுமாக நல்ல குளிர்ச்சி என்பார்கள். போகிற வழியில் மெயின் வீதி குறுக்கிட்டது. மனைவியோடு மெயின் வீதியைக் கடந்து அப்பால் போன ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஐந்து சட்டை, இரண்டு கட்டில் விரிப்பு, ஒரு பிளாஸ்டிக் கூடை. ஒல்லாந்தரை அடுத்த முறை பார்ப்போம்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் விறாந்தையில் கொடிக்கயிறு கட்டியிருந்தது. ஒவ்வொரு சாமானிலும் கொப்பித்தாளில் மும்மொழி அறிவித்தல். மாமியின் வெற்றிலை வட்டாவுக்குத் தமிழில் "அம்மம்மா துப்புறது". நான் ஆசைப்பட்டு வாங்கிய டம்பெல்சுக்கு "அப்பா தூக்காத இரும்பு, கி.மு. 2019". மனைவியின் ஜூஸ் மெசினுக்கு "ஒருக்கா பாவிச்சது". அதற்கு அவள் இன்னும் என்னிடம்தான் கதைக்காமல் இருக்கிறாள்.

தமிழ் சொந்தச் சரக்கு. ஆங்கிலம், பழைய ரேடியோவின் முதுகில் இருந்து எடுத்த "மேட் இன் ஜப்பான்". வட்டா, டம்பெல்ஸ், தும்புத்தடி எல்லாமே ஜப்பான். சிங்களத்துக்கு பிஸ்கட் பக்கெட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக வரைந்திருக்கிறான். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பொலன்னறுவைப் பொடியன்தான் வாசித்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான். குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும். எல்லாவற்றிலும் அதுதான்.

"என்னடா இது?" என்றேன்.

"மூணு பாசையிலயும் ஒரே கதை இரிக்கத் தேவல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க."

கோடியில், தூண் ஓரமாக, மாமாவின் சாய்மனைக் கதிரை. போன மாசியில் அவர் போனதில் இருந்து பின்னறையில் மடித்துக் கிடந்தது. மாமி அதை இருக்கவும் விடுவதில்லை, எடுக்கவும் விடுவதில்லை. அதைச் சின்னவள் இழுத்து வந்து விரித்து, சுற்றிவர மனைவியின் புது விரிப்பின் ரிப்பனைக் கட்டியிருந்தாள். அண்ணனைக் கொண்டு எழுதுவித்திருந்தாள்:

"அம்மப்பா இரிந்த கதிரை. ஒருத்தரும் இரிக்கிறல்ல. பார்க்கிறதுக்கு மட்டும்."

அதற்குக் கீழே மேட் இன் ஜப்பான். அதற்குக் கீழே பிஸ்கட்.

ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. மாமி மாமாங்கக் கோயிலில் இருந்து வந்துவிட்டார். திருநீற்றுச் சரையைக் கையில் பிடித்தபடி ரிப்பனுக்கு இந்தப் பக்கமே நின்றார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"தம்பி, அந்தச் சிங்களத்துல என்ன எழுதி இரிக்கி?"

காஸ் பொடியனின் சிரிப்பு காதுக்குள் கேட்டது.

"பெரிய மனிசன் இருந்த கதிரை, மரியாதையாப் பாருங்க எண்டு எழுதி இரிக்கான் மாமி."

"ம்," என்றார். "சிங்களமும் நல்லா எழுதுறான் புள்ள."

முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயைக் கொடுத்தார். மிச்ச எண்பதை அவன் கொடுக்கவில்லை, மாமி கேட்கவுமில்லை. இன்று காலையும் குளித்துவிட்டு வந்து ரிப்பன் ஓரமாகக் கொஞ்சநேரம் நின்றார். மிச்சக்காசு எங்கே என்று மூத்தவனைப் பிடித்து உலுக்கினேன். நூறு ரூபாய்க்கு ஐந்து தரம் பார்க்கலாமாம். அம்மம்மாவுக்கு இன்னும் ரெண்டு தரம் இருக்கிறதாம்.